கண்ணாடிப் பெட்டிக்குள் ஒரு புகார்ப் புத்தகம்

மூக்குக்கண்ணாடிக் கடைக்காரர் நகரத்தின் நடுமத்தியில் பதினேழாவது மாடியில் வீடு வாங்கியபோது, அதற்குக் கீழே இருக்க வேண்டிய பதினாறு மாடிகளும் இன்னும் எழும்பியிருக்கவில்லை. பள்ளம் மட்டும் தயாராக இருந்தது. பள்ளத்தின் ஓரத்தில் குளிரூட்டிய கொட்டகை ஒன்று போட்டிருந்தார்கள். விற்பனைப் பிரிவு ஆள் அவரை வெளியே அழைத்து வந்து, வானத்தில் ஓரிடத்தை விரலால் காட்டி, "உங்க படுக்கையறை அங்கதான் சார் வருது" என்றார். கடைக்காரர் அண்ணாந்து பார்த்தார். அவருடைய படுக்கையறை வழியாக ஒரு காகம் போய்க்கொண்டிருந்தது.

முன்பதிவுக்கு நான்கு மணி நேரம் வரிசையில் நின்றார்கள். யார் முன்னால், யார் பின்னால் என்று பெரிய மனிதர்கள் எல்லாம் தோளால் இடித்துக்கொண்டார்கள். இரண்டு கடைகளில் ஒன்றை விற்று, ஆஸ்பத்திரிப் பதிவறையில் வேலை பார்க்கும் மனைவியின் சேமநிதியை எடுத்து, மிச்சத்துக்கு வங்கியில் இருபது வருடத்துக்குத் தலையைக் கொடுத்து, கடைக்காரர் அந்த ஆகாயத்துண்டைச் சொந்தமாக்கிக்கொண்டார்.

மனைவியின் தம்பி ஏசி மெக்கானிக். வாடகை வீட்டுக்காரன் என்பதால் வாய் கொஞ்சம் நீளம்.

"மாமா, காத்த விலைக்கு வாங்கியிருக்கீங்க போல."

"மாப்ள, நீ மாசாமாசம் வாடகைய அழுதுட்டே இரு. அஞ்சு வருசம் கழிச்சு வந்து பாரு."

ஐந்து வருடம் காத்திருக்கத் தேவைப்படவில்லை. கட்டடம் எழும்பி, சாவி கைக்கு வந்த ஆறாம் மாதமே விலை ஒன்றரை மடங்கு ஆகிவிட்டது. அதைச் சொன்னவர் தரகர். அன்றிலிருந்து தினமும் காலையில் பல் துலக்கியதும் தரகருக்குப் போன் போடுவது கடைக்காரருக்கு வழக்கமாகிவிட்டது. "இன்னிக்கு எப்படி?" என்பார். "ஏறுமுகம்தான் சார்" என்பார் தரகர். விலை ஒரு படி ஏறினால் அன்று சாயங்காலம் வீட்டுக்கு இனிப்பு வரும்.

"நாம வீட்ட விக்கப் போறோமா?" என்று மனைவி ஒருநாள் கேட்டாள்.

"சேச்சே. வித்துட்டு எங்க போறது? இந்த விலைக்கு வேற வீடு வாங்க முடியுமா?"

"அப்புறம் எதுக்கு தினம் கேக்குறீங்க?"

"தெரிஞ்சு வச்சுக்கிறதுதான்."

"எங்க ஆஸ்பத்திரியில சூடு ஏறினா டாக்டரக் கூப்பிடுவோம். நீங்க ஸ்வீட் வாங்கிட்டு வர்றீங்க" என்று சொல்லிவிட்டு அவள் வேலைக்குக் கிளம்பினாள்.

இரண்டாம் ஆண்டு, குடியிருப்போர் சங்கத்தின் கூட்டத்தில்தான் அந்தத் தீர்மானம் வந்தது. சங்கத் தலைவர் ஓய்வுபெற்ற சுங்க அதிகாரி, பதினெட்டாவது மாடி. அடுத்தவர் பெட்டியைத் திறந்து பார்த்தே வாழ்நாளைக் கழித்தவர் என்பதால், தன் வீட்டுக் கதவை மட்டும் யாருக்கும் திறக்க மாட்டார். வாசலில் நின்றே பேசி அனுப்பிவிடுவார். செயலாளர் நம் கடைக்காரர். கூட்டத்துக்குச் சிறப்பு அழைப்பாளராக வந்திருந்த தரகர், குரலைத் தாழ்த்தி ஒரு செய்தி சொன்னார். ஒன்பதாவது மாடி வீட்டுக்கு மதிப்புப் போட வந்த வங்கிக்காரர், கீழே முகப்புக் கூடத்தில் கிடந்த புகார்ப் புத்தகத்தைச் சும்மா புரட்டிப் பார்த்தாராம். குழாய், கசிவு, விரிசல் என்று நாற்பத்தொரு புகார்கள். மதிப்பில் ஆறு லட்சத்தைக் குறைத்துவிட்டாராம்.

முதலில் எழுந்தவர் கடைக்காரர்.

"இனிமே யாரும் எதையும் எழுத வேண்டாம். குறை இருந்தா வாயால சொல்லிக்குவோம். எழுதினாத்தானே வம்பு?"

கைதட்டல் எழுந்தது. தீர்மானம் ஏகமனதாக நிறைவேறியது. பழைய புத்தகம் தொலைந்துவிட்டதாகத் தலைவர் அறிவித்தார். தொலைத்தவருக்கே உரிய தெளிவோடு அறிவித்தார். தோல் அட்டை போட்ட புதிய புத்தகம் ஒன்று வாங்கப்பட்டது. அதைக் கண்ணாடிப் பெட்டிக்குள் வைத்து, சங்கிலியில் கட்டிய பேனாவோடு முகப்புக் கூடத்தில் நிறுத்தினார்கள். பெட்டிக்குப் பூட்டு. சாவி செயலாளரிடம். வீடு பார்க்க வருகிறவர்களைத் தரகர் முதலில் அங்கேதான் அழைத்துப் போவார். கடைக்காரர் பெட்டியைத் திறந்து, பக்கங்களை ஒவ்வொன்றாகப் புரட்டிக் காட்டுவார். "பாத்தீங்களா? ஒரு வரி கூடக் கிடையாது." வந்தவர்கள் வெற்றுத்தாளைப் பார்த்துப் பார்த்து வியந்தார்கள். விலை ஏறியது.

கடைக்காரர் வீட்டில், மகளின் அறைக் கூரையில் நான்காம் ஆண்டு மழையில்லாக் காலத்தில் ஒரு கறை தோன்றியது. முதலில் உள்ளங்கை அளவு. பிறகு சாப்பாட்டுத் தட்டு அளவு. பிறகு சொட்ட ஆரம்பித்தது. பத்தாம் வகுப்புப் படிக்கும் மகள் கட்டிலைச் சுவரோரம் தள்ளிப் போட்டுக்கொண்டாள். கறையும் பின்னாலேயே வந்தது.

மெக்கானிக் மைத்துனன் வந்து சுவரைத் தட்டித் தட்டிக் கேட்டான். "மேல் வீட்டுப் பிரச்சினை இல்ல மாமா. சுவருக்குள்ள மேல இருந்து கீழ வரைக்கும் ஒரே குழாய் போகுது. அதுதான் விட்டிருக்கு. மொத்தக் கட்டடத்தையும் ஒடைச்சாத்தான் மாத்த முடியும். கட்டினவன்தான் செய்யணும். நீங்க தனியா செய்யணும்னா இருக்கிற ஒரு கடையையும் வித்துடுங்க."

"மெதுவா பேசு மாப்ள, கதவு தெறந்திருக்கு."

டொக், டொக் என்று வாளியில் விழும் சத்தம் கூடம் வரைக்கும் கேட்கும். விருந்தாளிகள் கேட்டால், "மீன் தொட்டி மோட்டார்" என்பார் கடைக்காரர்.

"மீன் எங்க மாமா?" என்றான் மைத்துனன்.

"வரணும்."

கடைக்காரரின் மனைவி கூச்சல் போடவில்லை. பதிவறையில் இருபத்திரண்டு வருடம் இருந்தவள். எழுதாதது நடக்காதது என்பது அங்கே வேதம். ஒரு நாற்பது பக்க நோட்டை எடுத்து, நோயாளியின் படுக்கையில் தொங்கும் அட்டையைப் போலக் கட்டம் போட்டாள். தேதி, நேரம், அளவு. காலை 6.40, கால் வாளி. மாலை 7.15, அரை வாளி. கறை வலப்பக்கம் இரண்டு விரற்கடை அதிகம். குறிப்பு: நோயாளி கவலைக்கிடம்.

கிரயப் பத்திரத்தின் எழுபத்தெட்டுப் பக்கங்களையும் முழுக்கப் படித்த ஒரே ஆள் அந்தக் கட்டடத்தில் அவளாகத்தான் இருக்க வேண்டும். ஒரு ஞாயிற்றுக்கிழமை, ஐம்பத்திரண்டாம் பக்கத்தை விரித்துக் கணவர் முன்னால் வைத்தாள்.

"சாவி குடுத்த நாள்ல இருந்து அஞ்சு வருசத்துக்குள்ள கண்ட குறையக் கட்டினவங்களே சரி பண்ணித் தரணும். ஆனா சங்கத்துப் புகார்ப் புத்தகத்துல தேதியோட எழுதியிருந்தாத்தான் செல்லும். அஞ்சு வருசம் வர்ற முப்பதாந்தேதி முடியுது. இன்னும் பதினொரு நாள் இருக்கு."

கடைக்காரர் கட்டட நிறுவனத்துப் பொறியாளருக்குப் போன் செய்தார். பொறியாளர் அன்பான மனிதர்.

"சார், புத்தகத்துல இருக்கா?"

"இல்ல."

"அப்ப கட்டடத்துலயும் இல்ல சார்."

சிரித்துக்கொண்டே இன்னொரு நல்ல செய்தியும் சொன்னார். ஐந்து வருடத்தில் ஒரு புகார்கூட வராத கட்டடம் அவர்கள் நிறுவன வரலாற்றிலேயே இது ஒன்றுதான். அதனால் முப்பதாம் தேதி மாலை நாலு மணிக்கு முகப்புக் கூடத்தில் சின்னதாக ஒரு விழா. 'குறையிலாக் கட்டடம்' என்று பொறித்த கேடயம் தருகிறார்கள். சங்கத்தின் சார்பில் தலைவர் ஒரு தாளில் குறை எதுவும் இல்லை என்று கையெழுத்துப் போட்டுக் கொடுத்தால் போதும்.

கடைக்காரர் பதினெட்டாவது மாடிக்கு ஏறினார். தலைவர் வழக்கம்போலக் கதவை ஒரு சாண் திறந்து, அந்த இடைவெளியில் தன் உடம்பை நிறுத்திக்கொண்டார்.

"தலைவரே, ஒரே ஒரு வரி எழுதிக்கலாமா? மக ரூம்ல லேசா..."

"என்ன இப்படிக் கேக்குறீங்க? தீர்மானத்தக் கொண்டு வந்ததே நீங்கதானே? கேடயம் மட்டும் வந்துட்டா விலை பத்துப் பர்சென்ட் ஏறும்னு தரகர் சொல்றாரு. கட்டடத்துல நூத்திருபது குடும்பம் இருக்கு. உங்க ஒரு ரூமுக்காக அவங்க வயித்துல அடிப்பீங்களா?"

உள்ளே எங்கோ டொக், டொக் என்று கேட்டது.

"என்ன சத்தம் தலைவரே?"

"கடிகாரம். பழைய காலத்துக் கடிகாரம்" என்று கதவைச் சாத்தினார் தலைவர்.

வீட்டில் மனைவி கேட்டாள். "பெட்டிச் சாவி உங்ககிட்டதானே இருக்கு?"

"இருக்கு. அதுக்காக? நான் கொண்டு வந்த தீர்மானத்த நானே மீறினா நாளைக்கு லிஃப்ட்ல எவன் முகத்துல முழிக்கிறது? விலை எறங்கிச்சுன்னா என் தலையத்தான் உருட்டுவானுங்க."

"சரி. மேல இருந்து தண்ணி மட்டும் எறங்கட்டும்" என்றாள் அவள். அதற்குப் பிறகு பத்து நாள் அதைப் பற்றிப் பேசவில்லை. நோட்டில் மட்டும் எழுதிக்கொண்டிருந்தாள். அவள் திட்டியிருந்தால் கடைக்காரருக்குத் தேவலை என்றிருந்திருக்கும்.

முப்பதாம் தேதி காலை 6.40-க்கு மகள் எழுந்து பல் துலக்கப் போனாள். 6.42-க்குத் தலையணை மேல் கூரை விழுந்தது. சோற்றுப் பானை மூடி அளவுக்கு, மூன்று விரல் தடிமனில் ஒரு சிமெண்டுப் பூச்சு. வாயில் நுரையோடு ஓடிவந்த மகள் தலையணையைப் பார்த்தாள், தந்தையைப் பார்த்தாள். "அப்பா, மீன் வந்துடுச்சு" என்றாள். சிரிக்கத்தான் சொன்னாள், சிரிப்பு வரவில்லை.

மனைவி அந்தத் துண்டைச் செய்தித்தாளில் பொதிந்து, ஆஸ்பத்திரிப் பழக்கத்தில் மேலே ஒரு சீட்டு ஒட்டினாள். தேதி, நேரம், எடுத்த இடம்: தலையணை. அதைக் கைப்பையில் வைத்துக்கொண்டு, மகளையும் கூட்டிக்கொண்டு வேலைக்குப் போனாள்.

கடைக்காரர் தரகருக்குப் போன் போட மறந்தார். பெரிய தொட்டி ஒன்று வாங்கத் தெருமுனைப் பிளாஸ்டிக் கடைக்குப் போனார். கடைக்கார அம்மாள் வாசலில் வாளிகளை அடுக்கிக்கொண்டிருந்தாள்.

"வாங்க. அந்த உயரக் கட்டடம்தானே நீங்க? எத்தனை வேணும்?"

"ஒண்ணு போதும். எப்படித் தெரியும்?"

"உங்க கட்டடத்துக்குன்னே தனியா லோடு எறக்குறேன். அவ்வளவு சுத்தக்காரங்க உங்க ஆளுங்க, வாளி வாங்கி மாளல. தலைவரய்யா வீட்டுக்கு மட்டும் இதுவரைக்கும் ஆறு போயிருக்கு. பத்தொம்பதாவது மாடி வக்கீலம்மா மாசம் ஒண்ணு. பன்னெண்டாவது மாடிக்காரர் போன வாரம் குழந்தை குளிக்கிற தொட்டி ரெண்டு வாங்கினாரு. அவருக்குக் குழந்தையே இல்லயாமே?"

கடைக்காரர் நீலத் தொட்டி ஒன்றைக் காட்டினார்.

"ஒண்ணுதான் எனக்குப் புரியல. எல்லாருமே பேப்பர் சுத்திக் குடுங்கன்னு கேக்குறாங்க. வாளிக்கு என்னத்துக்குப் பேப்பரு? திருட்டுப் பொருளா?" அவள் பழைய செய்தித்தாளை இழுத்தாள். "உங்களுக்கும் சுத்தணும்ல?"

கடைக்காரர் வீட்டிலும் ஆறு மாதத்துக்கு முன்னால் காகிதம் சுற்றி வந்த வாளிதான் இருந்தது. இருபத்தைந்து வருடமாக ஊரார் கண்ணுக்கு அளவு பார்த்தவர், கூடவே வாழ்ந்த நூற்றிருபது குடும்பத்தின் வாளியைப் பார்க்கவில்லை.

"வேணாம்மா. அப்படியே குடுங்க."

நீல நிறத் தொட்டியை மார்போடு அணைத்துக்கொண்டு முகப்புக் கூடத்துக்குள் நுழைந்தார். காவலர் எழுந்து நின்றார். எதற்கு என்று அவருக்கே தெரியவில்லை. லிஃப்டில் பத்தொன்பதாவது மாடி வக்கீலம்மா நின்றிருந்தார். தொட்டியைப் பார்த்தார்.

"துணி ஊற வைக்கவா சார்?"

"இல்லம்மா. ஒழுகுது."

வக்கீலம்மா தலையை நிமிர்த்தி, ஏறிக்கொண்டிருந்த எண்களைப் பார்க்க ஆரம்பித்தார். பதினேழு வந்தது. கதவு திறந்ததும், அவரைப் பார்க்காமலே மெல்லிய குரலில் கேட்டார்: "எவ்வளவு நாளா?"

மாலை நாலு மணிக்கு முகப்புக் கூடத்தில் நாற்காலிகள் நிறைந்திருந்தன. மேசைமேல் மினுமினுப்புத் தாள் சுற்றிய கேடயம், பக்கத்தில் தலைவர் கையெழுத்துப் போட வேண்டிய தாள். பொறியாளர் டை கட்டிக்கொண்டு வந்திருந்தார். தரகர் எல்லாக் கோணத்திலும் படம் எடுத்துக்கொண்டிருந்தார். தலைவர் பேசினார்.

"குறை சொல்லாம வாழ்றது ஒரு பண்பாடு. அந்தப் பண்பாடு ரத்தத்துல இருக்கணும். நம்ம கட்டடத்துல ஒவ்வொரு வீட்டுலயும் அது இருக்கு."

இருக்கிறது என்பது கடைக்காரருக்கு இப்போது எண்ணிக்கையோடு தெரியும். முன்வரிசையில் உட்கார்ந்திருந்தவர்களை ஒவ்வொருவராகப் பார்த்தார். ஆறு வாளி. மாதம் ஒன்று. குழந்தைத் தொட்டி இரண்டு. எல்லோரும் கைதட்டிக்கொண்டிருந்தார்கள். தலைவர் மூக்குக்கண்ணாடியை மாட்டிக்கொண்டு பேனாவை எடுத்தார். அது கடைக்காரர் போட்டுக் கொடுத்த கண்ணாடிதான், கிட்டத்தில் இருப்பதைப் படிக்க.

அந்த நேரத்தில் மனைவி உள்ளே வந்தாள். ஆஸ்பத்திரி அடையாள அட்டை இன்னும் கழுத்தில் தொங்கியது. நேரே மேசைக்குப் போய், கைப்பையிலிருந்து பொட்டலத்தை எடுத்துக் கேடயத்தின் பக்கத்தில் வைத்துப் பிரித்தாள். சிமெண்டுத் துண்டு, ஒட்டிய சீட்டோடு.

"இது என்னம்மா?" என்றார் பொறியாளர்.

"காலையில எம் பொண்ணு தலையணையில இருந்தது. அது விழுறதுக்கு ரெண்டு நிமிசம் முன்னாடி அவ தலை அங்க இருந்துச்சு."

அவள் கணவர் பக்கம் திரும்பினாள். கேட்கவில்லை, கையை மட்டும் நீட்டினாள்.

கடைக்காரர் எழுந்தார். தரகர் பாய்ந்து வந்து அவர் காதில், "சார், ஒரே கையெழுத்து சார், பத்துப் பர்சென்ட் சார்" என்றார். கடைக்காரர் சாவியை மனைவியிடம் கொடுக்கவில்லை. தானே போய்ப் பெட்டியைத் திறந்து, புத்தகத்தை எடுத்து, முதல் பக்கத்தைப் பிரித்து அவள் முன்னால் வைத்தார். பிறகு பேனாவின் சங்கிலி எட்டாததால், மொத்தப் பெட்டியையும் அவளருகே நகர்த்தி வைத்தார்.

"என்ன காரியம் பண்றீங்க செயலாளரே!" என்று தலைவர் எழுந்தார். "தீர்மானம் போட்டது நீங்க!"

"ஆமா. புத்தி கெட்டுப் போட்டேன். உங்க கடிகாரம் என்ன மணி காட்டுது தலைவரே? ஆறு வாளியா, ஏழா?"

தலைவர் வாயைத் திறந்தார், வார்த்தை வரவில்லை. அவருடைய மனைவிக்கு வந்தது.

"ஏழு. சமையக்கட்டையும் சேத்து எட்டு. இவரு மானம் போகுதுன்னு நான் ஒரு வருசமா ஈரத்துணியோட சமைக்கிறேன்" என்று சொல்லிக்கொண்டே எழுந்து, கடைக்காரரின் மனைவிக்குப் பின்னால் போய் நின்றார்.

புகார் எண் ஒன்று எழுதப்பட்டது. நோட்டைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு தேதி, நேரம், அளவு என்று பதினாறு வரிகள் எழுதினாள் பதிவறைக்காரி. அவள் முடிப்பதற்குள் பின்னால் வக்கீலம்மா வந்துவிட்டார். அவருக்குப் பின்னால் பன்னிரண்டாவது மாடிக்காரர். அப்புறம் நாற்காலிகள் ஒரேயடியாகக் காலியாயின. இருபது நிமிடத்தில் வரிசை லிஃப்ட் வரைக்கும் போனது. யார் முன்னால், யார் பின்னால் என்று தகராறு தொடங்கியது. தண்ணீர் மேலிருந்துதான் வருகிறது, ஆகவே மேல்மாடிக்காரர்களுக்கே முன்னுரிமை என்றார் ஒருவர். முன்பதிவில் நான்தான் மூன்றாவது, இங்கேயும் எனக்கு அதே இடம்தான் என்றார் இன்னொருவர். பள்ளத்தின் ஓரத்தில் நின்ற அதே வரிசை. தோள்கள் மட்டும் இத்தனை வருடத்தில் தளர்ந்திருந்தன.

பொறியாளர் நைசாகக் கேடயத்தை அக்குளில் இடுக்கிக்கொண்டு நழுவப் பார்த்தார். வக்கீலம்மா அவரை மணிக்கட்டில் பிடித்தார். "ஒவ்வொரு எண்ணுக்கும் கீழ பெற்றுக்கொண்டேன்னு கையெழுத்துப் போட்டுட்டுப் போங்க தம்பி. இன்னிக்குத் தேதி இன்னும் முடியல."

கடைசியாக எழுதியவர் தலைவர். எல்லோரையும்விட நீளமாக எழுதினார். இலக்கியத் தரமாகவும் இருந்தது. எண் எழுபத்து மூன்று.

பதினைந்து நாளில் சாரம் கட்டினார்கள். பத்தொன்பதாவது மாடியிலிருந்து பதினோராவது வரைக்கும் சுவரைப் பிளந்து குழாயை மாற்றினார்கள். நாலு மாதம் ஜன்னலைத் திறந்தால் ஆகாயம் தெரியவில்லை, வேலையாட்களின் கால்கள்தான் தெரிந்தன. விலை முதல் வாரமே சரிந்தது. தலைவர் லிஃப்டில் கடைக்காரரைக் கண்டால் கூரையைப் பார்த்தார். அந்தக் கட்டடத்தில் அது ஒரு பழக்கமாகவே ஆகிவிட்டிருந்தது. தரகர் போனை எடுக்கவில்லை. மைத்துனன் மட்டும் ஒருநாள் கண்ணாடித் தொட்டியில் நான்கு மீன்களோடு வந்து, "மோட்டார் வந்து ரொம்ப நாளாச்சு, மீனு தாமதமாயிடுச்சு மாமா" என்று வைத்துவிட்டுப் போனான்.

சாரம் பிரித்த மறுநாள் காலை, தரகர் தானே கூப்பிட்டார். குரலில் பழைய தேன்.

"சார், நம்ம ராசிதான் சார். இந்த வட்டாரத்துலயே குழாய் எல்லாம் புதுசா மாத்தின கட்டடம் நம்மளுது ஒண்ணுதான்னு சொல்லியாச்சு. பார்ட்டிங்க வரிசைல நிக்கிறாங்க. இன்னிக்கு ரேட்டு சொல்றேன், கேட்டுக்குங்க..."

"என்னங்க, இங்க வாங்க" என்று மகளின் அறையிலிருந்து மனைவி கூப்பிட்டாள்.

கடைக்காரர் போனைக் காதில் வைத்தபடியே போனார். மகள் கட்டிலை மறுபடி அறையின் நடுவே இழுத்துப் போட்டுக்கொண்டிருந்தாள். கூரை வெள்ளையாக இருந்தது. நீலத் தொட்டி காய்ந்து கிடந்தது. மனைவி நோட்டை நீட்டினாள். கடைசிப் பக்கம். காலை 6.40, இல்லை.

"ரெண்டு பேர் பாத்து கையெழுத்துப் போட்டாத்தான் கேஸ் முடிஞ்சதா அர்த்தம். போடுங்க."

அவர் கூரையை நன்றாகப் பார்த்தார். கட்டில்மேல் ஏறி நின்று, கையால் தொட்டும் பார்த்தார். இறங்கிக் கையெழுத்துப் போட்டார்.

"சார், கேட்டீங்களா சார்?" என்றது போன்.

"காதுல விழல" என்றார் கடைக்காரர். "நாளைக்குக் கேட்டுக்கிறேன்."